ஏர்வாடி மனநலக் காப்பக விசாரணைகள்

ஏர்வாடி மனநலக் காப்பக விசாரணைகள் என்பவை, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் ஏற்பட்ட தீ விபத்தைத் தொடர்ந்து நடந்த விசாரணைகள் ஆகும். மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இத்தீயில் உயிரிழந்தனர். மாநில அளவிலான விசாரணை ஆணையம், உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கு, காப்பகத்தை நடத்தியோர் மீதான குற்றவியல் வழக்கு என மூன்று தனித்தனி வழிகளில் இவ்விசாரணைகள் நடைபெற்றன. பராமரிப்பில் உள்ள மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைப்படுத்தப்பட்டதாகப் புகார் எழும்போது அதை யார், எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்ற கேள்வி இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டது இதற்குப் பிறகே எனலாம்.

பின்னணி

ஏர்வாடியில் சுல்தான் சையது இப்ராகிம் சாகிது பாதுஷாவின் அடக்கத்தலமான தர்கா அமைந்துள்ளது. மனநோய் தீர வேண்டி இங்கு மக்கள் வருவது நெடுங்கால வழக்கம். முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் கிறித்தவர்களும் பெருமளவில் வருவர். தர்காவின் தீர்த்தமும் விளக்கு எண்ணெயும் மருந்தாகக் கருதப்பட்டன. நோய் தீர்ந்து வீடு திரும்பலாம் என்பதற்கான உத்தரவு கனவில் கிடைக்கும் என்பது நம்பிக்கை. உத்தரவு எப்போது வரும் என்று யாரும் சொல்ல இயலாது ஆகையால், தங்கல் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீண்டது.

அவ்வளவு காலம் உறவினர் உடன் தங்குவது இயலாத செயல். வயலையும் வேலையையும் விட்டுவிட்டு வந்த குடும்பத்தினர், நோயாளியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். இத்தேவையை நிறைவு செய்யவே தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் தோன்றின. குடும்பத்தினர் மாதந்தோறும் பணம் அனுப்புவர். காப்பகத்தார் உணவும் இடமும் அளித்து, நாள்தோறும் தர்காவுக்கு அழைத்துச் செல்வர். இவற்றில் மருத்துவரோ செவிலியரோ இருப்பது வழக்கமில்லை. விபத்து நிகழ்ந்த காலத்தில் ஏர்வாடியின் காப்பகங்களில் மொத்தம் 500க்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

அன்று தமிழ்நாட்டில் முழு அளவிலான அரசு மனநல மருத்துவமனை ஒன்றே இருந்தது. அது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநலக் கழகம். 1794இல் தொடங்கிய இந்நிறுவனம் ஏர்வாடியிலிருந்து சுமார் 500 கி.மீ. தொலைவில் உள்ளது. மக்கள் மருத்துவத்தைப் புறக்கணித்து தர்காவை நாடினர் என்று பல கட்டுரைகளில் எழுதப்படுவது முழு உண்மையன்று. பலருக்கு எட்டும் தொலைவில் இருந்தது தர்கா மட்டுமே.

சங்கிலி

காப்பகங்களில் சங்கிலி பயன்பட்டதற்கு முதன்மைக் காரணம் ஆள் பற்றாக்குறை. நாற்பது பேரைக் கவனிக்க ஓரிரு பணியாளர் மட்டுமே இருக்கும் இடத்தில், ஒருவர் ஓடிவிட்டாலோ மற்றொருவரைத் தாக்கிவிட்டாலோ பொறுப்பு நடத்துபவரையே சேரும். சங்கிலிக்குச் சம்பளம் இல்லை. நோயாளி கட்டுக்குள் இருப்பது அவருடைய நன்மைக்கே என்ற எண்ணம் பணியாளரிடமும் உறவினரிடமும் ஒருசேர இருந்தது. பகலில் ஒருவரோடு ஒருவரைப் பிணைப்பதும், இரவில் கட்டிலோடோ தூணோடோ பிணைப்பதும் வழக்கம்.

இது மறைவாக நடந்த செயல் அன்று என்பது குறிப்பிடத்தக்கது. காலில் சங்கிலியுடன் தர்கா வளாகத்தில் நடந்தோரை ஆயிரக்கணக்கான யாத்திரிகர் நாள்தோறும் பார்த்தனர். உறவினர், வணிகர், காவலர், அதிகாரிகள் ஆகிய அனைவரும் அறிந்திருந்தனர். பிற நாடுகளில் இத்தகைய கொடுமைகளை வெளிக்கொணர மறைவுப் படக்கருவி தேவைப்பட்டது. ஏர்வாடியில் கண் திறந்திருந்தாலே போதுமானதாக இருந்தது. 

தீ விபத்து

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஓலை வேய்ந்த கொட்டகையில் தீப்பற்றியது. காப்பகத்தில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் பிணைக்கப்பட்டிருந்தனர். பிணைப்பு தளர்வாக இருந்த சிலர் தப்பினர். ஏனையோரால் அசைய இயலவில்லை. உடல்கள் பல அடையாளம் காண முடியாத அளவுக்குக் கருகியிருந்தன. முதலில் 25 பேர் இறந்ததாகச் செய்தி வெளிவந்தது. பின்னர் எண்ணிக்கை 28 ஆனது. உச்ச நீதிமன்ற வழக்கின் பெயரில் இன்றும் 25 என்ற எண்ணே உள்ளது.

உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டின் உலக சுகாதார நாளுக்கு மனநலத்தையே கருப்பொருளாக அறிவித்திருந்தது. அந்நாள் கொண்டாடப்பட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

ஆகஸ்ட் 13 அன்று இவ்வகைக் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டு, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். ஏனையோர் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

அன்றிருந்த சட்டம்

நாட்டில் சட்டமே இல்லாததால் இது நிகழ்ந்தது என்று கருதுவது தவறு. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்துக்கு மாற்றாக மனநலச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. உரிமம் இன்றி மனநல மருத்துவமனையோ மனநலப் பராமரிப்பு இல்லமோ நடத்தலாகாது என்று அதன் 6ஆம் பிரிவு கூறியது. பார்வையாளர்களை நியமித்து, அவர்களுள் மூவருக்குக் குறையாதோர் மாதம் ஒருமுறையாவது நிறுவனத்தின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. மனநோயாளி எவரையும் சிகிச்சையின்போது உடலாலோ உள்ளத்தாலோ இழிவுபடுத்தவோ கொடுமைப்படுத்தவோ கூடாது என்று 81ஆம் பிரிவு தடை செய்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், மனநோயை ஏழு வகை ஊனங்களுள் ஒன்றாக ஏற்றிருந்தது.

உரிமம் இன்றி நடத்துவோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டனை, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு நோயாளிக்காக உறவினர் செலுத்திய ஒரு மாதத் தொகையைவிட இவ்வபராதம் குறைவாகவே இருந்திருக்கும். மேலும், பார்வையாளர் குழு உரிமம் பெற்ற இடங்களுக்கே சென்றது. உரிமம் கேட்காத இடம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாத இடத்தைப் பார்வையிட யாருக்கும் கடமை இல்லை.

இராமதாஸ் ஆணையம்

மாநிலத்தில் என். இராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. மனநலம் பாதிக்கப்பட்டோரின் பராமரிப்பை மேம்படுத்த வேண்டும், காப்பகம் நடத்த விரும்பும் எவரும் உரிமம் பெற்றாக வேண்டும், காப்பகங்களில் உள்ளோர் அனைவரும் சங்கிலியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும் என்பன அதன் முதன்மைப் பரிந்துரைகள். இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் முன்னரே சட்டத்தில் இருந்தவை. இத்தகைய ஆணையத்தால் உண்மைகளைத் திரட்டவும் பரிந்துரைக்கவும் மட்டுமே இயலும்; எவரையும் தண்டிக்க இயலாது.

உச்ச நீதிமன்ற வழக்கு

நாளிதழ்ச் செய்தியின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனைப் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. மனநலம் பாதிக்கப்பட்டோர் தொடர்பாக அந்நீதிமன்றம் தலையிட்டது இது முதன்முறை அன்று. ராஞ்சி மனநல மருத்துவமனையின் நிலை குறித்த வழக்கும், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று 1993இல் அறிவித்த ஷீலா பார்சே வழக்கும் இதற்கு முந்தியவை. ஆனால் அவை அரசு நிறுவனங்களைப் பற்றியவை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தனியார் இடங்கள் ஏர்வாடி வழக்கில்தான் நீதிமன்றத்தின் முன் வந்தன.

2002 பிப்ரவரி 5 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை விரிவானது. ஒவ்வொரு மாநிலமும் மனநலப் பராமரிப்பு அளிப்பதாகக் கூறும் எல்லா அமைப்புகளையும், பதிவு பெற்றவை, பெறாதவை என்ற வேறுபாடின்றி, மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். குறைந்தபட்சத் தரம் உள்ளவற்றுக்கு உரிமம் வழங்கி, ஏனையவற்றுக்கு மறுக்க வேண்டும். உரிமம் மறுக்கப்பட்ட இடம் மூடப்படுவதையும் அங்குள்ளோர் அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றப்படுவதையும் அப்பகுதிக் காவல் நிலைய அதிகாரி உறுதி செய்ய வேண்டும். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பது சட்டவிரோதம் என்பதையும், அவர்களை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும், குறிப்பாகக் கிராமப்புறங்களில், அரசுகள் பரப்ப வேண்டும்.

இவ்வாணையின் சிறப்பு, பொறுப்பைப் பெயர் குறித்துச் சுமத்தியதில் உள்ளது. அதுவரை பொத்தாம்பொதுவாக அரசு என்று கூறப்பட்ட இடத்தில் தலைமைச் செயலர், காவல் நிலைய அதிகாரி என்று பதவிகள் குறிக்கப்பட்டன. அதன் குறையும் இங்கேயே உள்ளது. மூடுவதற்குக் காட்டிய விரைவு, மூடிய பின் அவர்கள் எங்கே வாழ்வர் என்பதில் காட்டப்படவில்லை. சங்கிலி அகன்றாலும் இடம் இல்லாத நிலையில், பலர் மீண்டும் அதே தர்காவை வந்தடைந்தனர்.

குற்றவியல் வழக்கு

காப்பக உரிமையாளர், அவருடைய மனைவி, உறவினர் இருவர் ஆகியோருக்கு 2007இல் நடுவர் நீதிமன்றம் ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகள் கழிந்தன. தண்டனை பெற்றோர் காப்பகத்தை நடத்தியோர் மட்டுமே.

பாதிக்கப்பட்டோரின் சாட்சியம்

பராமரிப்பு இல்லங்களில் நிகழும் கொடுமைகளை விசாரிப்பதில் பெரிய இடர், நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் அங்கு வாழ்வோரே என்பதாகும். மனநோயாளி சொல்வதை எப்படி நம்புவது என்ற வினா காவல் நிலையத்திலேயே எழுந்து, புகார் அங்கேயே முடிந்துவிடுவது உண்டு.

இந்தியச் சட்டம் இவ்வாறு கூறவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே, கேட்கப்படும் வினாவைப் புரிந்துகொண்டு பொருத்தமான விடை தர இயலுமாயின் மனநோய் உள்ளவரும் தகுதியான சாட்சியே என்று 118ஆம் பிரிவில் ஏற்றிருந்தது. பேச இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமமும் இவ்விதிகளைத் தொடர்கிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. பாலியல் குற்றங்களில், மாற்றுத்திறனாளியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற வேண்டும். அதனை ஒளிப்பதிவும் செய்ய வேண்டும். அப்பதிவே முதல் விசாரணை வாக்குமூலமாகக் கொள்ளப்படும். அவர் நீதிமன்றத்தில் அனைத்தையும் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

வாக்குமூலம் பெறும் இடமும் முக்கியமானது. குற்றம் சாட்டப்பட்ட பணியாளர் அருகில் இருக்க, அன்று இரவு அவர் தரும் உணவையே உண்ண வேண்டிய ஒருவரிடம் குறை உண்டா என்று கேட்டால், இல்லை என்ற விடையே வரும். ஆகவே, முதலில் இருவரையும் பிரிப்பது அவசியம். அவ்வாறு பிரிக்கும்போது பாதிக்கப்பட்டவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பணியாளரை அங்கேயே விட்டுவைப்பது, ஏனையோரை அவரிடம் விட்டுவைப்பதாகவும் அமையும்.

பேச்சு கிட்டாத இடத்தில் பொருள்களே சாட்சி. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உள்ள தழும்புகள், உடல் எடை குறைந்த வரலாறு, மருந்துப் பதிவேட்டுக்கும் எஞ்சிய மாத்திரைகளுக்கும் இடையிலான வேறுபாடு, இரவுப் பணி அட்டவணை, சமையலறைக்கு வாங்கிய அரிசியின் அளவு ஆகியன வாக்குமூலத்துக்கு வலுச்சேர்க்கும். இவையே குற்றம் செய்யாத பணியாளரைக் காப்பனவும் ஆகும். வலிப்பினால் விழுந்து ஏற்பட்ட காயத்துக்கும் அடித்த காயத்துக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவரால் பெரும்பாலும் கூற இயலும். ஆனால் காயம் ஆறும் முன் பரிசோதனை நடைபெற்றால்தான்.

பிற்காலச் சட்டங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது. சுரண்டல், வன்முறை, கொடுமை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பைக் கூறும் அதன் 16ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்களைச் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஏற்ப இரு சட்டங்கள் இயற்றப்பட்டன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 7ஆம் பிரிவின்படி, கொடுமை நிகழ்ந்தது, நிகழ்கிறது அல்லது நிகழக்கூடும் என்று நம்பும் எவரும் அப்பகுதியின் நிர்வாகத் துறை நடுவரிடம் தெரிவிக்கலாம். தெரிவிப்பவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, நீலகிரி மாவட்டத்தின் பைக்காராவில் ஒரு பராமரிப்பு இல்லம் இருப்பதாகக் கொண்டால், அங்கு பால் ஊற்றச் செல்பவரோ பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியோ உதகமண்டலம் கோட்டாட்சியரிடம் மனு அளிக்க இயலும். நடுவர் உடனடியாகத் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரை மீட்கக் காவல்துறைக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புக்கோ அதிகாரம் அளிக்கலாம். குற்றம் எனக் கண்டால் நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். புகார் பெறும் காவலர், இந்த வழியும் இலவசச் சட்ட உதவியும் உள்ளதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பொறுப்பில் உள்ளவர் தெரிந்தே உணவோ நீரோ மறுப்பதும், உறுப்பையோ உதவிக் கருவியையோ பயன்படுத்த விடாமல் தடுப்பதும் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். சக்கர நாற்காலியை எட்டாத இடத்தில் வைப்பதும் இதில் அடங்கக்கூடும் என்பது பல பராமரிப்பாளர் அறியாத செய்தி.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. தனியறையில் அடைத்து வைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். காரணத்தையும் நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டுப்படுத்தலாகாது. கட்டாய மொட்டையடிப்பு, கட்டாய வேலை ஆகியனவும் தடை செய்யப்பட்டவற்றுள் அடங்கும். பதிவு பெறாத நிறுவனத்துக்கான அபராதம் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, தொடர்ந்தால் 5 இலட்சம் வரை உயரும்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகில் இருந்த வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில், கற்றல் குறைபாடு உடையோரைப் பணியாளர் தாக்கியதை 2011 மே 31 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி மறைவாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. அங்கு பணியாற்றிய செவிலியர் ஒருவர் முன்னரே கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் அளித்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2012இல் பதினொரு பணியாளர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் அறுவர் சிறை சென்றனர். அம்மருத்துவமனை பதிவும் உரிமமும் பெற்றது; உயர்ந்த கட்டணம் வாங்கியது. இந்தியாவில் உரிமத்தை நோய்க்கு மருந்தாகக் கருதுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்வு இது. ஆஸ்திரேலியாவில் 2019இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், மாற்றுத்திறனாளிகளிடமிருந்தே நேரடியாகச் சாட்சியம் பெற்று 2023இல் 222 பரிந்துரைகளை வெளியிட்டது.

பிந்தைய நிகழ்வுகள்

நம்பிக்கை வழியையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்தாமல், இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் பின்னர் மேற்கொள்ளப்பட்டன. குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ திட்டத்தைப் பின்பற்றி, ஏர்வாடி தர்கா வளாகத்திலும் மனநல மருத்துவச் சேவை அளிக்கப்பட்டது. வழிபாட்டுத் தலத்தில் தங்குவதே தீங்கு என்று கூற இயலாது என்பதற்கு ஓர் ஆய்வும் உண்டு. தமிழ்நாட்டின் ஒரு கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்ததாகத் தெரிவித்தது.

எனினும் பிணைக்கும் வழக்கம் மறையவில்லை. உத்தரப்பிரதேசத்தின் பதாவூனில் வழிபாட்டுத் தலம் ஒன்றில் நோயாளிகள் சங்கிலியில் இருந்ததை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மனிதத்தன்மையற்றது எனக் கண்டித்தது. இவ்வழக்கம் சுமார் 60 நாடுகளில் நீடிப்பதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2020இல் அறிக்கை வெளியிட்டது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அங்கு சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலான ஆட்கொணர்வு மனுவே சோதனைக்கு வழிவகுத்தது. உரிமம் இன்றி இயங்கியதும் அப்போதே தெரியவந்தது. அடித்தல், பிணைத்தல், பாலியல் வன்முறை ஆகிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. நடத்தியோரும் பணியாளரும் கைது செய்யப்பட்டு, வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது; தேசிய மனித உரிமைகள் ஆணையமும் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது.